டிராப்டம்ப் அம்மாள் கண்ணால் கண்ட கொலை

1891 ஆகஸ்ட் மாதம். லண்டனில் பாராளுமன்றத்துக்கு விடுமுறை. வசதியுள்ளவர்கள் எல்லாம் கடற்கரைக்கும் கிராமத்துக்கும் கிளம்பிவிட்டார்கள். பத்திரிகைகளுக்குப் போட செய்தி இல்லை. இப்படி வறண்ட மாதங்களுக்கென்றே அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் ஒரு தந்திரம் வைத்திருந்தன. நடுக்கடலில் ராட்சதப் பாம்பு ஒன்று தலை தூக்கியதை யாரோ ஒரு மாலுமி பார்த்தான் என்று நாலு பத்தி எழுதி இடத்தை நிரப்பிவிடுவார்கள். 'தி ஸ்டார்' என்ற மாலைப் பத்திரிகையின் ஆசிரியருக்கு அந்த வருஷம் பாம்பு அலுத்துவிட்டது போலிருக்கிறது. பாம்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கொஞ்சம் புதுமாதிரியாக ஒரு கட்டுக்கதை வேண்டும் என்று 27 வயது எழுத்தாளர் ஒருவரிடம் கேட்டார். அவர் பெயர் இஸ்ரேல் ஜாங்வில். எழுதிக் கொடுத்த கதை 'தி பிக் போ மிஸ்டரி'. இரண்டு வாரம், அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்கு அச்சேறிய தொடர்கதை. அடுத்த வருஷம் புத்தகமாக வந்தது.

நாவல் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது, சிறுகதை என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் காபி நேரத்துக்குக் கொஞ்சம் தாண்டி முடித்துவிடலாம். உள்ளே தாழ் போட்ட அறை, உள்ளே பிணம், கொலையாளி வந்த வழியும் இல்லை போன வழியும் இல்லை என்ற புதிர் இதற்கு முன்பே இருந்ததுதான். எட்கர் ஆலன் போ 1841-லேயே அதைச் சிறுகதையாக எழுதிவிட்டார். அந்த ஒரே புதிரை முதுகெலும்பாக வைத்து முழுக்கதையையும் நடத்திக்கொண்டு போனது ஜாங்வில்தான் என்று துப்பறியும் இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த 'முதல்' பட்டம் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இந்தக் கதையில் பூட்டே முக்கியமில்லை என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இடம், லண்டனின் கிழக்கே போ என்ற தொழிலாளர் பகுதி. குளோவர் தெரு, 11-ஆம் எண் வீடு. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, ஊரே மூடுபனியில் கிடக்கிறது. வீட்டுக்காரி டிராப்டம்ப் அம்மாள் ஒரு விதவை. அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர். மூடுபனி வந்தால் லண்டன்காரர்கள் எல்லாம் சோர்ந்துபோவார்கள், இந்த அம்மாளுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்கிறார் ஜாங்வில். ஏனென்றால் அவர் எப்போதுமே சோர்வாகத்தான் இருப்பார். அன்றைக்கும் வழக்கம்போல் களையில்லாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதை எடுத்தாலும் கெட்டது நடக்கும் என்று எதிர்பார்ப்பது அவருடைய சுபாவம். சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்தச் சிரிப்புக்குள்தான் கதையின் மொத்தச் சாவியும் இருக்கிறது.

மாடியில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். டாம் மார்ட்லேக் அச்சுக்கோக்கும் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத் தலைவர் ஆனவன். அன்றைக்கு விடியுமுன்பே ரயில் பிடிக்கக் கிளம்பிப் போய்விட்டான். இன்னொருவன் ஆர்தர் கான்ஸ்டன்ட். பணக்கார வீட்டுப் பையன், படித்தவன், ஏழைகளோடு வாழ்ந்து அவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று இங்கே வந்து அறை எடுத்தவன். டிராம் தொழிலாளர்களின் கூட்டத்தில் பேச வேண்டும், சீக்கிரம் எழுப்பிவிடுங்கள் என்று முந்தின இரவு சொல்லியிருக்கிறான். பல்வலி வேறு. அம்மாள் தட்டுகிறார், பதில் இல்லை. கீழே போய் அடுப்பு வேலையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி தட்டுகிறார். ம்ஹூம். கதவைப் போட்டு இடிக்கிறார். அப்புறம் பயம் பிடித்துக்கொள்கிறது. எதிர்வரிசையில் ஜார்ஜ் கிராட்மன் இருக்கிறார், பெயர்பெற்ற துப்பறிவாளர், ஓய்வு பெற்றவர். அவரிடம் ஓடுகிறார். கிராட்மன் வருகிறார், கூப்பிட்டுப் பார்க்கிறார், தோளைக் கொடுத்து முட்டுகிறார். பூட்டும் தாழ்ப்பாளும் பிய்ந்துகொண்டு கதவு திறக்கிறது. ஐயோ கடவுளே என்று கிராட்மன் கத்துகிறார். அம்மாள் அலறுகிறார். பார்க்கச் சகிக்காத காட்சி. கட்டிலில் கான்ஸ்டன்ட், கழுத்து அறுபட்டு.

ஜன்னல்கள் உள்ளே தாழிட்டபடி இருக்கின்றன. புகைபோக்கி வழியாக மனிதன் நுழைய முடியாது. கத்தி எங்கும் இல்லை. தற்கொலை என்றால் ஆயுதம் எங்கே? கொலை என்றால் கொலைகாரன் எப்படி வெளியே போனான்? மரண விசாரணை நடக்கிறது, அதுவே ஒரு நகைச்சுவை நாடகம். விசாரணை அதிகாரி சாட்சிகளை எல்லாம் அலசி, இது தற்கொலையாக இருக்க முடியாது என்று நிரூபிக்கிறார். கையோடு இது கொலையாகவும் இருக்க முடியாது என்று நிரூபிக்கிறார். ஆள் மட்டும் செத்துக் கிடக்கிறான்.

அடுத்து பத்திரிகைகள். ஜாங்வில் கை நன்றாக ஓடுவது இங்கேதான். கதைக்குள் வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதித் தள்ளுகிறார்கள், ஆளுக்கொரு தீர்வு. எட்கர் ஆலன் போவின் கதையைப் படித்துவிட்ட ஒருவர், தெருவில் இசைப்பெட்டி சுற்றிப் பிழைக்கிறவனின் குரங்கு எஜமானுடைய சவரக்கத்தியோடு புகைபோக்கி வழியாக இறங்கி, தூங்குகிறவனுக்குச் சவரம் செய்து பார்த்துவிட்டு, வந்த வழியே ஏறிப் போயிருக்கலாம் என்று எழுதுகிறார். டிராப்டம்ப் அம்மாளையே சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. இதில் வேடிக்கை, கதைக்குள் நடந்தது கதைக்கு வெளியேயும் அப்படியே நடந்தது. 'தி ஸ்டார்' வாசகர்கள் நிஜமாகவே கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கொலையாளி இவன்தான், இல்லை அவள்தான் என்று அலுவலகத்துக்குத் தபால் குவிந்தது. வாராவாரம் தொடர்கதைக்குக் காத்திருந்து பக்கத்து வீட்டோடு சண்டை போட்ட நம் முந்தைய தலைமுறைக்கு இது புரியும். இங்கே அது தினசரி நடந்தது.

தொடர் முடிந்ததும் ஜாங்வில் பத்திரிகைக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினார். எனக்கு நாவலை விட அந்தக் கடிதம் பிடிக்கும் என்று சில நாள் தோன்றும். யோசனை சொன்ன நூற்றுக்கணக்கான வாசகர்களுக்கு நன்றி. ஆரம்பிக்கும்போது கொலையாளி யார் என்று எனக்கே தெரியாது. யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். அதனால் ஒவ்வொரு வாசகரும் ஒரு பெயரைச் சொல்லச் சொல்ல, அந்த ஆளை நிரபராதி ஆக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரே ஒரு பாத்திரம்தான் மிச்சம், வேறு வழியில்லாமல் அவர் தலையில் கட்டிவிட்டேன், எனக்குப் பிடித்த ஆள்தான், வருத்தமாக இருக்கிறது என்பது கடிதத்தின் சாரம். இதை நிஜம் என்று நம்பியவர்கள் நிறையப் பேர். பிறகு புத்தக முன்னுரையில் அவரே, அது விளையாட்டுக்கு எழுதியது, விடை கிடைத்து வருஷக்கணக்கில் ஆன பிறகுதான் கதையே எழுதினேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஓர் இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, யாராலும் நுழைய முடியாத அறையில் ஒருவனைக் கொல்வது எப்படி என்று யோசித்திருக்கிறார். விடை கிடைத்ததும் அதை மனதின் ஒரு மூலையில் போட்டு வைத்துவிட்டார். நல்ல மர்மக்கதை என்றால் வாசகனால் கண்டுபிடிக்க முடிகிற மாதிரியும் இருக்க வேண்டும், முடியாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இனிமேல் முடிவைச் சொல்லாமல் எழுத முடியாது. படிக்க நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். காப்புரிமை எப்போதோ காலாவதி ஆகிவிட்டது, புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கொன்றது கிராட்மன். எப்போது? கதவு திறந்த பிறகு.

முதல் அத்தியாயத்தின் கடைசிக்கு மறுபடி போய்ப் பாருங்கள். கதவு திறக்கிறது. கிராட்மன் கத்துகிறார். அம்மாள் அலறுகிறார். கிராட்மன் கொடுத்திருந்த தூக்க மருந்தின் மயக்கத்தில் கான்ஸ்டன்ட் அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறான், உயிரோடு. 'ஐயோ கடவுளே' என்ற கூச்சலைக் கேட்டதும், ஏற்கெனவே பாதி செத்துப்போயிருந்த அம்மாள் அலறிக்கொண்டு முகத்தை மூடிக்கொள்கிறார். அந்த ஒரு நொடிதான் கிராட்மனுக்குத் தேவைப்பட்டது. அம்மாள் கண்ணைத் திறந்து பார்க்கும்போது கழுத்து அறுபட்டிருக்கிறது. கத்தி அறையில் கிடைக்கவில்லை, ஏனென்றால் அது கிராட்மனிடம் இருக்கிறது. கொலைகாரன் எப்படி வெளியே போனான் என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. அவன் வெளியே போகவே இல்லை. எல்லோருக்கும் நடுவில் நின்று விசாரணைக்கு ஒத்துழைத்துக்கொண்டிருந்தான்.

கிராட்மன் போட்ட கணக்கு முழுக்க டிராப்டம்ப் அம்மாளின் சுபாவத்தை நம்பிப் போட்டது. வேறு யாராவது தைரியசாலி கூட வந்திருந்தால் கட்டிலை எட்டிப் பார்த்திருப்பார், ஆள் மூச்சு விடுவது தெரிந்திருக்கும். எதிலும் கெட்டதையே எதிர்பார்க்கிற இந்த அம்மாள், கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் பிணத்தைப் பார்த்துவிட்டார். அப்புறம் கண் பார்த்தது, மனம் பார்த்ததை உறுதி செய்தது, அவ்வளவுதான். விசாரணையில் அவர் பொய் சொல்லவில்லை. கதவை உடைத்தோம், உள்ளே பிணம் கிடந்தது என்று சத்தியம் செய்து சொல்கிறார். மனதறிந்து சொன்ன உண்மை. அந்த உண்மை ஊரையே திசை திருப்பிவிடுகிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் சொல்லுவோம். இந்தக் கதையில் தீர விசாரித்ததும் பொய்யாகிறது. விசாரணை, பத்திரிகை, ஸ்காட்லாந்து யார்டு, நீதிமன்றம் என்று ஒவ்வொரு படியிலும் கெட்டிக்காரர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் டிராப்டம்ப் அம்மாளின் ஒரு வாக்கியத்தின்மேல் மாடி கட்டிக்கொண்டே போகிறார்கள். கதவு திறப்பதற்கு முன்பே அவன் செத்திருந்தான் என்று யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. படிக்கிற நாம் உட்பட எல்லோரும் அதை நாமாகவே சேர்த்துக்கொண்டோம்.

என் சித்தப்பா துப்பறியும் கதைகளில் ஊறியவர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் வளர்ந்த தலைமுறை. அவரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முடித்துவிட்டு, "போங்கு ஆட்டம்டா இது" என்றார். "எழுத்தாளன் அந்த அம்மா கண்ணை மட்டும் பொத்தல. என் கண்ணையும் சேத்துப் பொத்திட்டான். கொலை நடக்கறதைக் காட்டாம விட்டுட்டு, அப்புறம் காட்டினேனேன்னா எப்படி?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாக்கியங்களின் வரிசையைப் பாருங்கள் என்றேன். முதலில் கிராட்மன் கத்துகிறார். அடுத்தது அம்மாளின் அலறல். அதற்குப் பிறகுதான் கோரக் காட்சி என்ற சொல் வருகிறது. கோரம் உண்டான பிறகுதான் கோரம் என்று கதைசொல்லி சொல்கிறார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைக் காகிதத்தில் கொலை நடந்து முடிந்துவிட்டது. நம் கண்ணெதிரே, முதல் அத்தியாயத்தில். ஜாங்வில் நம்மிடம் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை, நாமும் டிராப்டம்ப் அம்மாளைப் போல் அவசரப்பட்டோம்.

"சரி, ரத்தம்?" என்றார் சித்தப்பா. "அப்பத்தான் அறுத்த கழுத்துக்கும் ராத்திரியே அறுத்த கழுத்துக்கும் டாக்டருக்கு வித்தியாசம் தெரியாதா?" இதில் நியாயம் இருக்கிறது. டிசம்பர் குளிர், டாக்டர் வந்து சேர நேரம் பிடிக்கும், 1891-இன் மருத்துவம் அவ்வளவுதான் என்றெல்லாம் நான் சமாதானம் சொன்னேன். அவர் தலையை ஆட்டவே இல்லை. இன்றைக்கு யாராவது இதே தந்திரத்தை எழுதினால் தடயவியல் துறை ஒரே பக்கத்தில் கதையை முடித்துவிடும் என்பதை நானும் மறுக்க மாட்டேன்.

போ என்ற இடத்தை ஜாங்வில் சும்மா பொறுக்கி எடுக்கவில்லை. 1888 ஜூலையில் அங்கே பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் 1,400 பேர் வரை வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். அவர்கள் படும்பாட்டை அதற்கு முந்தைய மாதம் பத்திரிகையில் எழுதி ஊருக்குச் சொன்னவர் அன்னி பெசன்ட். ஆம், நம் அடையாறு அன்னி பெசன்ட்தான். பிரம்மஞானமும் சென்னையும் அவர் வாழ்க்கையில் அதற்கப்புறம் வந்தவை. 1889-இல் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டுப் பெரிய வேலைநிறுத்தம் நடத்தினார்கள். பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் போன்ற தலைவர்கள் அதில் பேர் வாங்கினார்கள். கதையின் டாம் மார்ட்லேக்கை அந்த வாசகர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டிருப்பார்கள். கான்ஸ்டன்ட் மாதிரி இளைஞர்களும் அப்போது கிழக்கு லண்டனில் சகஜம். 1884-இல் ஒயிட்சேப்பலில் டாயின்பி ஹால் என்ற சேவை இல்லம் தொடங்கியதிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏழைகளோடு தங்க வந்துகொண்டேயிருந்தார்கள். ஜாங்வில் அவர்களை மதிக்கவும் செய்கிறார், லேசாகக் கிள்ளவும் செய்கிறார்.

அப்புறம் 1888-க்கு இன்னொரு முகம் உண்டு. ஒயிட்சேப்பல் கொலைகள். பிடிபடாத அந்தக் கொலைகாரனுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ஜாக் தி ரிப்பர். அந்தப் பீதியை வைத்து விற்பனையை ஏற்றிக்கொண்ட பத்திரிகைகளில் அதே வருஷம் பிறந்த 'தி ஸ்டார்' முன்வரிசையில் இருந்தது. 'லெதர் ஏப்ரன்' என்ற பட்டப்பெயருள்ள ஒருவன்தான் கொலைகாரன் என்று பெரிதாக எழுதியது. ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளியைப் போலீஸ் பிடித்தது. அவருக்கும் கொலைகளுக்கும் சம்பந்தமில்லை என்று விசாரணையில் தெரிந்து விட்டுவிட்டார்கள். அதற்குள் தெருவில் யூதர்கள்மேல் கூட்டம் பாய்ந்தது. மூன்று வருஷம் கழித்து, அதே பத்திரிகையில், அதே கிழக்கு லண்டன் யூதக் குடியிருப்பில் வளர்ந்த ஒருவர், நிரபராதி ஒருவனைத் தூக்குமேடை வரை இழுத்துப்போகும் கொலைக்கதையை நகைச்சுவையாக எழுதுகிறார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் மேதாவிகளைக் கிண்டல் செய்கிறார். இரண்டையும் அவர் எங்கேயும் முடிச்சுப் போட்டுச் சொல்லவில்லை, நான்தான் போடுகிறேன். ஆனால் பைசரைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தக் கடித அத்தியாயத்தில் சிரிப்பு கொஞ்சம் கசக்கிறது.

கதைக்குள் மாட்டிக்கொள்வது மார்ட்லேக். கிராட்மனின் போட்டியாளர், ஸ்காட்லாந்து யார்டின் எட்வர்ட் விம்ப், சந்தர்ப்ப சாட்சியங்களைக் கோத்து வழக்கு ஜோடிக்கிறார். மார்ட்லேக்கின் காதலி ஜெஸ்ஸி டைமண்ட் காணாமல் போயிருக்கிறாள், அதில் பொறாமை, ஆகவே கொலை. கைதுக் காட்சி பிரமாதம். இறந்துபோன கான்ஸ்டன்டின் படத்திறப்பு விழா, திறந்து வைப்பவர் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த நிஜ கிளாட்ஸ்டன், மேடையில் மார்ட்லேக் உருகி உருகிப் பேசுகிறான், அங்கேயே விம்ப் கை வைக்கிறார். அடிதடி. நிஜ அரசியல் தலைவரை மாலைப் பத்திரிகைக் கதைக்குள் இப்படி இழுத்துவந்து உட்கார வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

நடுவில் தொய்கிற இடங்களும் இருக்கின்றன. காதல் விவகாரத்தில் ஜாங்விலுக்கு ஆர்வமே இல்லை, கடமைக்கு எழுதியிருக்கிறார். ஜெஸ்ஸி கதையில் ஒரு பெயராக மட்டும்தான் நிற்கிறாள். அந்த இடங்களில் காப்பாற்றுவது இரண்டு கோமாளிகள். டென்சில் கேன்டர்காட் என்ற கவிஞர் அழகுக்காக வாழ்கிறவர், வாடகை கொடுக்காதவர், கிராட்மனின் புகழ்பெற்ற நினைவுக்குறிப்புப் புத்தகத்தை அவர் பெயரில் எழுதிக் கொடுத்தவர். அவருக்கு இடம் கொடுத்திருக்கும் செருப்புத் தொழிலாளி பீட்டர் குரவுல், உண்மைக்காக வாழ்கிறவர், மாமிசம் தொடாதவர், மது தொடாதவர், கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு வாதாடுகிறவர். இவர்கள் சண்டை போடுகிற பக்கங்களில் துப்பறியும் கதை காணாமல் போய்விடுகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ட்லேக்குக்குத் தூக்கு என்று தீர்ப்பான பிறகு கிராட்மன் உள்துறை அமைச்சரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். கான்ஸ்டன்ட்மேல் அவருக்குக் கோபமில்லை, பணமில்லை, பகையில்லை. வாழ்நாள் முழுக்கக் குற்றவாளிகளின் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சலித்துப்போனவர். யாராலும் கண்டுபிடிக்க முடியாத குற்றம் ஒன்றைத் தானே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது, செய்தார். மனசாட்சி மட்டுமா அவரை வரவழைத்தது? விம்புக்குக் கிடைக்கிற பேரைப் பொறுக்க முடியவில்லை. அமைச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு செய்தியைச் சொல்கிறார். விம்பின் சீட்டுக்கட்டு மாளிகை நீங்கள் வராமலேயே சரிந்திருக்கும், மார்ட்லேக் எப்படியும் தப்பியிருப்பான். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கிராட்மன் விரும்பியது தானாகவே நடந்திருக்கும். அவர் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார்.

இந்த மாதிரி மூளை இருந்தவர் மேற்கொண்டு துப்பறியும் கதைகளாக எழுதித் தள்ளியிருப்பார் என்றுதான் நினைப்போம். அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. புத்தகம் வெளிவந்த அதே 1892-இல் 'சில்ட்ரன் ஆஃப் தி கெட்டோ' நாவல் வந்தது. லாத்வியாவிலிருந்து வந்த அப்பா, போலந்திலிருந்து வந்த அம்மா, ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் யூத இலவசப் பள்ளியில் முதலில் மாணவர், பிறகு அங்கேயே ஆசிரியர் என்று தான் கடந்துவந்த உலகத்தை அதில் எழுதினார். அதுதான் அவரைப் பெரிய எழுத்தாளர் ஆக்கியது. கிழக்கு லண்டனில் நடக்கிற 'பிக் போ'வில் சொல்லும்படி ஒரு யூதப் பாத்திரம்கூட இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாலைப் பத்திரிகைக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார் போல. 1908-இல் 'தி மெல்டிங் பாட்' நாடகம் வாஷிங்டனில் அரங்கேறியபோது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வந்து பார்த்து மகிழ்ந்தார். அச்சில் வந்தபோது நாடகம் அவருக்கே சமர்ப்பணமானது. அமெரிக்கா என்பது எல்லா இனங்களையும் உருக்கி ஒன்றாக வார்க்கும் கொப்பரை என்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சைப் பரப்பியது இந்த நாடகம்தான்.

யூதர்களுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்ற அரசியலிலும் இறங்கினார். ஆட்களில்லாத நாடு, நாடில்லாத மக்கள் என்ற கோஷத்தைப் பாலஸ்தீனத்துக்குப் பொருத்திப் பேசியவர்களில் அவர் முக்கியமானவர். சில வருஷங்களிலேயே, அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், அமெரிக்காவைவிட நெருக்கமாக இருக்கிறார்கள் என்று அவரே மேடையில் சொல்லவும் செய்தார். 1905-இல் தனி இயக்கம் தொடங்கி, யூதர்கள் குடியேற வேறு நிலம் கிடைக்குமா என்று உலகப் படத்தைப் புரட்டினார். டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகம் வழியாகச் சுமார் 10,000 பேர் அமெரிக்கா போய்ச் சேர உதவினார்கள். பின்னாளில் பாலஸ்தீன அரபுகள் வேறிடம் போய்விட வேண்டும் என்றும் எழுதினார், அதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் 'பிக் போ' எழுதிய ஆளே காலி நிலத்தை எதிர்பார்த்துப் பார்த்ததால் காலி நிலத்தைக் கண்டார் என்பது எனக்குச் சுருக்கென்றது. 1926-இல் காலமானார்.

இத்தனை நாவல், நாடகம், இயக்கம் எல்லாம் போக, இன்று உலகம் முழுக்கச் சாதாரண வாசகர்கள் கையில் எடுக்கிற ஜாங்வில் புத்தகம் அந்த இரண்டு வார வேலைதான். பிரெஞ்சு எழுத்தாளர் காஸ்டன் லெரூ 1907-இல் 'மஞ்சள் அறை மர்மம்' என்ற பூட்டிய அறைக் கதையை எழுதினார். 1935-இல் ஜான் டிக்சன் கார் தன் நாவலுக்குள் பூட்டிய அறைக் கொலைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, துப்பறிவாளர் வாயால் பாடம் நடத்தவைத்தார். கதவை உடைத்த கையோடு கொல்கிற தந்திரத்தைக் கண்டுபிடித்த பெருமை ஜாங்விலுக்கு என்று அந்தப் பாடத்தில் வருகிறது. ஜாங்விலுக்கு அப்புறம் எத்தனையோ பேர் அதைக் கப்பலிலும் பாழடைந்த வீட்டிலும் வைத்து எழுதிவிட்டார்கள். ஜாங்விலின் மகன் ஆலிவர் கேம்பிரிட்ஜில் உளவியல் பேராசிரியர் ஆனார், மூளைக்காயமும் நினைவும் அவருடைய துறை. டிராப்டம்ப் அம்மாளைப் படைத்தவரின் வீட்டில் அப்படியொரு பிள்ளை பிறந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

சினிமாவாகவும் மூன்று முறை வந்திருக்கிறது. அதில் 1946-இன் 'தி வெர்டிக்ட்' டான் சீகல் இயக்கிய முதல் முழுநீளப் படம். சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் கிராட்மனாக வருகிறார், கூடவே பீட்டர் லொரே. படத்துக்காரர்கள் தந்திரத்தை வைத்துக்கொண்டு காரணத்தை மாற்றிவிட்டார்கள். படத்தில் கிராட்மன் ஒரு நிரபராதியைத் தவறாகத் தூக்குமேடைக்கு அனுப்பியவர். அந்த வழக்கின் உண்மைக் குற்றவாளியைத்தான் பூட்டிய அறைக்குள் கொல்கிறார். பார்க்கிறவர்கள் அவர்மேல் இரக்கப்பட வழி செய்துவிட்டார்கள். புத்தகத்தின் கிராட்மன்மேல் இரக்கப்பட முடியாது. நல்ல பையன் ஒருவனை, பல்வலியோடு தூங்குகிறவனை, தன் சாமர்த்தியத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அறுத்தவர். அந்தக் காரணமின்மைதான் எனக்கு இந்தக் கதையில் உண்மையிலேயே பயமூட்டுவது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் தந்திரம். சித்தப்பாவுக்கு நேர்மாறாகப் படம்தான் பிடித்தது. "இவனாவது எதுக்குக் கொன்னேன்னு ஒரு காரணம் சொல்றான்" என்றார்.